நாரையருவி இப்போதைக்கு டயர் கடையில்

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. ஓகுனோ நகராட்சியின் சுற்றுலாப் பிரிவு கேட்டது நாலே வரி. ‘ஓகுனோவின் எட்டுக் காட்சிகள்’ பிரசுரம் புதிதாக அச்சாகிறது. அதில் எட்டாவது காட்சியான நாரையருவியைப் பற்றி நாலு வரி, வெள்ளிக்கிழமை மாலைக்குள். அந்த நாலு வரியை எழுத உட்கார்ந்துதான் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

பழைய பிரசுரமும் என் கைவரிசைதான். மலைகளுக்கு நடுவே இருக்கும் இந்தச் சின்ன ஊரில் எட்டுக் காட்சிகளைத் தேற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஐந்து தேறியது. மீதிக்கு, கோட்டை இல்லாத கோட்டைக் குன்று, யாராவது சொன்னால் மட்டும் மாடாகத் தெரியும் பாறை என்று இட்டு நிரப்பினோம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு மேசை, அதன்மேல் ஒரு ரப்பர் முத்திரை. எட்டையும் தாளில் குத்திக்கொண்டு வந்து ரயில் நிலையத்தில் காட்டினால் ஒரு கைத்துண்டு இலவசம். அந்தத் துண்டுக்காக ஒசாகாவிலிருந்து வருகிறார்கள். நான் கிண்டல் செய்யவில்லை, என்னிடமே மூன்று இருக்கிறது.*

* பொய். ஒன்றுகூட இல்லை. என் தாளில் ஏழு முத்திரைதான். காரணத்தை ஆறாம் பகுதியில் சொல்கிறேன், அதற்குள் எனக்குத் துணிச்சல் வந்தால்.

2.

தொடக்கம் அ: ‘மூன்று வருஷத்துக்கு முன் அக்டோபர் மழையில் மலை சரிந்து, நாரையருவிக்குப் போகும் பாதை…’ (செய்தித்தாள் வாடை. விட்டேன்.)

தொடக்கம் ஆ: ‘தொகுரா குனிந்தார். போதவில்லை என்று தோன்றியது. இன்னும் குனிந்தார்.’ (எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தொகுரா யார் என்று நீங்கள் கேட்பீர்கள்.)

சரி, ஒழுங்காகவே ஆரம்பிக்கிறேன். சுற்றுலாப் பிரிவில் வருஷ ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் யோரிகோ, மலை சரிந்த மறுநாள் அருவியின் முத்திரையை எங்கே வைப்பது என்று தவித்துப் போனாள். பாதையை அடைத்திருந்தார்கள். அடைப்புக்கு முன்னால் கடைசிக் கட்டடம் தொகுரா டயர் கடை. மேசையைத் தன் சின்னக் காரிலிருந்து இறக்கி அதன் வாசலில் போட்டாள்.

“ரெண்டே ரெண்டு வாரம்தான், தொகுரா சான். பாதையச் சரிபண்ணினதும் எடுத்துட்டுப் போயிடறேன்.”

“ம்,” என்றார் தொகுரா. ஐம்பத்தெட்டு வயது. அதற்குமேல் அவர் பேசி அவள் கேட்டதில்லை.

இரண்டு நாளிலேயே தொகுராவுக்கு உறுத்த ஆரம்பித்தது. முத்திரையில் இருப்பது அருவியின் படம், ஓரத்தில் ஒரு நாரை. வருகிறவர்களோ அருவியைப் பார்க்கவே இல்லை. பார்த்ததாக அவர் வாசலில் குத்திக்கொண்டு போகிறார்கள். தானே பொய்ச்சாட்சி சொல்வது மாதிரி இருந்தது அவருக்கு. மூன்றாம் நாள் வந்த ஒரு குடும்பத்தின் முன்னால் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று, இடுப்பு வரை குனிந்தார்.

“இவ்வளவு தூரம் வந்தும் உங்களுக்கு அருவியக் காட்ட முடியாமப் போச்சு. ரொம்ப மன்னிக்கணும்.”

வாசலில் இருந்த இயந்திரத்தில் தன் காசைப் போட்டு ஆளுக்கொரு டப்பா காபியும் எடுத்துக் கொடுத்தார். சூடாக. (மலை அவருடையது அல்ல. மழையும் அவர் பெய்வித்தது அல்ல. இதைச் சொன்ன எல்லாரிடமும் அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார்.)

இப்படி ஒரு மன்னிப்பை வாங்கிக்கொண்டு எங்கள் ஆட்கள் சும்மா இருக்க முடியாது. ஊர் திரும்பியதும் ஆப்பிள் பெட்டி அனுப்பினார்கள், கடற்பாசி அனுப்பினார்கள். அதற்குப் பதிலாகத் தொகுரா கடை நாட்காட்டியை அனுப்பினார். நாட்காட்டி வந்துவிட்டதே என்று அவர்கள் நேரிலேயே வந்தார்கள். அருவி இன்னும் அடைத்தே இருந்ததால் அவர் மறுபடி குனிந்தார். இரண்டாம் வருஷம் முதல் ஏழு காட்சிகளையும் விட்டுவிட்டு நேரே எட்டாவதற்கு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இரண்டு வாரம் மூன்று வருஷமாகியிருந்தது.

3.

தொகுராவின் மனைவி இறந்து ஏழு வருஷம். அவர் உண்மையில் மன்னிப்புக் கேட்பது அவளிடம்தா

(அடித்துவிட்டேன். என்னைப் போன்றவர்களின் பழக்கம் இது: ஒரு ஆணுக்கு மனசு இருப்பதாகக் காட்ட வேண்டுமென்றால் உடனே அவன் மனைவியைக் கொன்றுவிடுவது. அவர் மனைவி சதாயே கல்லுக்குண்டாக இருக்கிறார். கடைக் கணக்கு அவர் கையில்தான். வாசகர் கண்ணீருக்காக அவரைக் கொன்றேன் என்று தெரிந்தால் என் காருக்குக் குளிர்கால டயர் கிடைக்காது.)

4.

வியாழக்கிழமை பிற்பகல் யோரிகோ ஒரு அட்டைப்பெட்டியோடு கடைக்குப் போனாள். பாதை தயார். சனிக்கிழமை ரிப்பன் வெட்டு. முத்திரையை எடுத்து வரும்படி பிரிவுத் தலைவர் குமகாய் சொல்லியிருந்தார். வாசலில் தொகுரா ஒரு மோட்டார் சைக்கிள் ஜோடியின் முன் குனிந்திருந்தார். அவர் நிமிர்வதற்குள் சதாயே அவளை டயர் அடுக்குக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

“அத எடுக்கவா வந்தீங்க?”

“ஆமாங்க. சனிக்கிழமை தெறக்கறாங்க.”

“எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். எங்கிட்ட ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்டதில்ல இந்த மனுஷன். வழியில போறவன் வர்றவன்கிட்டல்லாம் குனியறாரேன்னு எனக்கு வயித்தெரிச்சல்.”

“புரியுதுங்க…”

“உங்களுக்கு என்ன புரியும்? போன மாசம் அவரு வேன் கதவ சாத்தும்போது என் வெரல் மாட்டிக்கிச்சு.” சதாயே இடது கைச் சுண்டுவிரலை நீட்டினார். நகம் இன்னும் கருத்திருந்தது. “மொத மொதலா மன்னிச்சுக்கோன்னாரு. கேட்டுட்டு அவரே பயந்துட்டாரு. பழக்கதோஷம்! அன்னிலேருந்து வாய் தெறந்து நாலு வார்த்தை பேசறாரு, தெரியுமா? சாப்பாட்டு மேசையில. எங்கிட்ட. அந்த முத்திரைய எடுத்துட்டுப் போயிட்டீங்கன்னா எல்லாம் பழையபடி ‘ம்’முக்குப் போயிடும்.”

யோரிகோ அடுக்கைச் சுற்றி வெளியே வந்தாள். தொகுரா அட்டைப்பெட்டியைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைக் கொண்டுவந்து, முத்திரையின் இடுக்குகளில் இருந்த மையை எல்லாம் தேய்த்து எடுத்தார். வெள்ளைத் துணியில் சுற்றினார். இரண்டு கையாலும் நீட்டினார்.

“ரெண்டு வாரம்னு சொன்னீங்க,” என்றார்.

“ஆமாம், தொகுரா சான்.”

“சீக்கிரம் முடிஞ்சிருச்சு.”

யோரிகோ அதை வாங்கிக்கொண்டாள். அவள் குனிந்தாள். அதைப் பார்த்த தொகுரா பதறிப்போனார்.

“நீங்க ஏங்க குனியறீங்க? அது என் வேலை.”

5.

(இங்கே ஒரு இயற்கை வர்ணனை வர வேண்டும். மேப்பிள் இலைகள், மாலை வெயில். எழுதினேன். பிரசுரம் மாதிரியே இருந்தது.)

6.

முத்திரையோடு யோரிகோ அருவிக்குப் போனாள். புது மேசை, புதுக் கம்பி வேலி, ரிப்பன் கட்டக் கம்பங்கள். அருவியைத்தான் காணவில்லை. மலை சரிந்தபோது ஓடை வேறு பக்கம் திரும்பிவிட்டிருந்தது. பாறைமேல், சரியாக மூடாத குழாயிலிருந்து வருவது மாதிரி ஒரு நூல் தண்ணீர்.

“மழை பெஞ்சா வரும்,” என்றார் குமகாய், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. “பிரசுரத்துல எழுதறவர் பார்த்துக்குவார்.”

எழுதுகிறவர் நான். துணிச்சல் வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். நாரையருவியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஏற்றம் அதிகம், எனக்கு முழங்கால் வலி. முத்திரை டயர் கடைக்கு இறங்கி வந்த பிறகும், தொகுரா எனக்கும் குனிவாரே என்று போய்க் குத்தவில்லை. ‘ஆயிரம் நாரைகள் ஒரே சமயத்தில் சிறகு விரித்தாற்போல’ என்ற புகழ்பெற்ற வரியை என் சமையலறையில், நூடுல்ஸ் வேகக் காத்திருந்த மூன்று நிமிஷத்தில் எழுதினேன். அந்த ஆயிரம் நாரைகளை நம்பி வந்தவர்களிடம்தான் மூன்று வருஷமாக ஒரு டயர் கடைக்காரர் குனிந்திருக்கிறார். வெட்கமாக இருக்கிறது.

7.

முடிவு அ: முத்திரை அருவிக்குப் போகிறது. வருகிறவர்கள் நூல் தண்ணீரைப் பார்த்து ஏமாறுகிறார்கள். அங்கே குனிவதற்கு ஆள் இல்லை. சதாயே ‘ம்’மோடு சாப்பிடுகிறார்.

முடிவு ஆ: முத்திரை கடைக்கே திரும்புகிறது. ஆனால் பாதை திறந்துவிட்டதே! ‘மேல போய்ப் பாருங்க’ என்றுதான் தொகுரா சொல்வார். காரணமில்லாத மன்னிப்பை அவர் கேட்க மாட்டார், அவர் அப்படிப்பட்ட ஆள்.

முடிவு இ: தொகுராவையே அருவிக்கு அனுப்பலாம். (குமகாய் அவருக்குத் தொப்பியும் நேர அட்டவணையும் கொடுத்துவிடுவார். பதினோரு மணி மன்னிப்பு, மூன்று மணி மன்னிப்பு. வேண்டாம்.)

முடிவு ஈ: நாலு வரியில் உண்மையை எழுதலாம். ‘அருவி இப்போது இல்லை. மன்னிப்பு டயர் கடையில் கிடைக்கும்.’ இரண்டு வரிதான் வந்தது. இதை அச்சிட்டால் பழி யோரிகோமேல் விழும், அவள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அச்சிடாவிட்டால்

8.

வெள்ளிக்கிழமை, நாலு மணி இருபது நிமிஷம். யோரிகோ என் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறாள். நேற்று அருவியில் புது மேசையைப் பார்த்துவிட்டு, முத்திரையை அதன்மேல் வைக்க மனசு வராமல், பெட்டியோடு இங்கே வந்துவிட்டாள். அச்சகம் ஐந்து மணிக்கு மூடிவிடும்.

“நீங்கதானே ஆரம்பிச்சு வச்சீங்க. நீங்களே சொல்லுங்க. அருவியா, கடையா?”

வெள்ளைத் துணியைப் பிரித்து வைத்திருக்கிறேன். முத்திரையில் ஒரு துளி மைகூட இல்லை. நாரையின் கால் விரல்கள் வரை தெரிகின்றன. என் தாளில் எட்டாவது கட்டம் காலியாக இருக்கிறது. குத்த என் கை வரவில்லை.

எனவே முத்திரையை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். எங்கே வைப்பதென்று நீங்கள் சொல்லுங்கள். சொல்லும்போது அந்தக் கருத்த நகத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். முழங்கால் வலிக்கிறது, இருந்தாலும் இடுப்பு வரை குனிகிறேன்.

இவ்வளவு தூரம் வந்தும் உங்களுக்கு முடிவைக் காட்ட முடியாமல் போயிற்று. மிகவும் மன்னிக்க வேண்டும்.

காபி எடுத்துக்கொள்ளுங்கள், சூடாக இருக்கிறது.