கைப்பிடிக்கு அடியில் ஒரு நட்சத்திரம்

போரில் இறந்துபோன வால்ட் ரஸ்காவின் ரேசர், அவன் மனைவி லியோனாவின் குளியலறையில் தினமும் காலையில் ஈரமாக இருக்கும். பிளேடில் சோப்பு நுரையும் அப்போதுதான் மழித்த முடியும் ஒட்டியிருக்கும். வால்ட் 1943இல் இத்தாலியில் செத்தான். போர் முடிந்து வெகுநாள் கழித்து ராணுவம் அனுப்பிய பொட்டலத்தில் அந்த ரேசர் வந்தது. ஒஹாயோவின் அந்தச் சிற்றூரில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. முடிதிருத்துகிறவர் கிறிஸ்துமஸுக்கு ஒரு சோப்புக் கட்டி கொடுத்தனுப்புவார். பாதிரியார் மட்டும் பேச்சு அந்தப் பக்கம் வந்தால் மழைக்குத் தாவிவிடுவார். வருஷங்கள் ஓடி, பிளேடில் ஒட்டும் முடி நரைக்கும்வரை லியோனா யாரையும் அந்த அறைக்குள் விட்டதில்லை. தன்னை மறுமணத்துக்குக் கேட்டு வந்தவர்களிடம், வீட்டில் ஆள் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

வால்ட்டின் தங்கை எட்னாவுக்குத்தான் பொறுக்கவில்லை. அண்ணன் பட்டாளத்துக்குக் கிளம்பும்போது அப்பா வாங்கிக் கொடுத்த ரேசர், பிறந்த வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பழைய ராணுவச் சாமான்களின் முத்திரையைப் பார்த்துக் கம்பெனியையும் வருஷத்தையும் சொல்லும் ஆர்லோ பின்டரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கையோடு கூட்டிவந்துவிட்டாள். அவர் ரேசரைக் கவிழ்த்து, கைப்பிடிக்கு அடியில் லென்ஸை வைத்தார். லியோனா அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரேசர் போனால் வீட்டில் இருக்கிறவரும் போய்விடுவார்.

“எங்கப்பா வாங்குனதுதானே? சொல்லுங்க,” என்றாள் எட்னா.

“இந்த நட்சத்திரத்த அந்தக் கம்பெனி நாப்பத்தஞ்சுலதாம்மா போட ஆரம்பிச்சாங்க. பார்சல் கட்டுன எடத்துல சாமான் மாறியிருக்கும். உங்கண்ணன் இதத் தொட்டிருக்கவே முடியாது.”

எட்னா இரண்டடி பின்வாங்கினாள். “அப்ப இத்தன வருசமா இங்க சவரம் பண்றது எவன்? தூக்கி ஆத்துல போடுங்க அண்ணி.”

“உங்கண்ணனுக்குப் பொன்னிற முடி. மொத நாளே பிளேடுல கருகருன்னு இருந்துச்சு,” என்றாள் லியோனா. “எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?”

மறுநாள் காலையில் ரேசர் காய்ந்து கிடந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. லியோனாவுக்கு இரண்டாம் முறை தாலியறுத்தது போல் இருந்தது. கடைசியில் வெந்நீர்க் கிண்ணத்தோடு குளியலறை வாசலில் போய் நின்றாள்.

“யாரா இருந்தா என்னங்க,” என்றாள். “தண்ணி ஆறுது.”

விடிந்தபோது பிளேடில் நுரை இருந்தது. அவள் அதைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு முட்டை பொரிக்கப் போனாள். வால்ட் என்று கூப்பிடுவதை மட்டும் அன்றோடு விட்டுவிட்டாள்.