அடுப்புப் பக்கம், ஜன்னல் பக்கம்

செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ரோஸ்விதா சமையலறை மேஜையில் உருளைக்கிழங்கு மாவைப் பிசைந்துகொண்டிருந்தபோது, அவளுடைய நாத்தனார் கெர்லிண்டே உள்ளே வந்து, அக்டோபர் பதினாலாம் தேதி ஸ்டூபாய் மலைப் பனியாற்றுக்குப் பனிச்சறுக்கு ஆடப் போகிறோம் என்று சொன்னாள். ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயத்தைத் தெரிவிப்பதுபோல இருந்தது அவள் குரல்.

ரோஸ்விதா கையை மாவிலிருந்து எடுக்கவில்லை. "யாரு போறோம்?" என்று கேட்டாள்.

"நீயும் நானும்."

"எனக்குக் கண்ணு தெரியாதுங்கிறது உனக்கு மறந்துபோச்சா?"

"மறக்கலை. அதான் நான் ஓட்டுறேன்" என்றாள் கெர்லிண்டே.

ரோஸ்விதாவுக்கு ஐம்பத்துநாலு வயது. ஹால் என்ற அவர்கள் ஊரின் நகராட்சி அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பது அவள் வேலை. கண் ஓரங்களிலிருந்து இருட்டு மெல்ல உள்ளே வந்து, கடந்த மூன்று குளிர்காலங்களாக வெளிச்சம் எது, நிழல் எது என்பது மட்டும்தான் தெரிகிறது. அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம், பனியாறு திறந்த முதல் வாரத்திலேயே இருவரும் மேலே போய்விடுவார்கள். கீழே ஊரார் ஆப்பிள் பறித்துக்கொண்டிருப்பார்கள். இவர்கள் மேலே சறுக்கிக்கொண்டிருப்பார்கள். நாத்தனார் ஆவதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ரோஸ்விதா கெர்லிண்டேயின் அண்ணன் லாம்பெர்ட்டைக் கட்டிக்கொண்டதே அவன் தங்கையை விட முடியாமல்தான் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

அந்தப் பழக்கம் நின்றது நான்கு வருஷத்துக்கு முன்னால். கண் மங்குவதை ரோஸ்விதா வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த காலம் அது. பக்கவாட்டில் ஒன்றுமே தெரியாத நிலையிலும் மலைக்குப் போனாள். இடப்பக்கமாகத் திரும்பியபோது கெர்லிண்டே மீது முழு வேகத்தில் மோதினாள். கெர்லிண்டேயின் காறை எலும்பு முறிந்தது. தபால் பட்டுவாடா வேலைக்கு இரண்டு மாதம் போக முடியவில்லை. அன்று சாயங்காலம் மருத்துவமனை வராந்தாவில்தான் ரோஸ்விதா தன் கண்ணைப் பற்றி முதன்முதலாக வாய் திறந்தாள். கெர்லிண்டே ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதன் பிறகு இருவரும் அந்த நாளைப் பற்றிப் பேசவே இல்லை. வாரம் தவறாமல் சந்தித்தார்கள், சிரித்தார்கள், சண்டை போட்டார்கள். அந்த ஒரு நாளை மட்டும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வரமாட்டேன் என்று ரோஸ்விதா தெளிவாகச் சொல்லிவிட்டாள். இன்னொரு எலும்பை முறிக்கத் தன்னால் முடியாது என்றாள். கெர்லிண்டே அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், வசந்தகாலத்தில் மூன்று வார இறுதிகள் 'அத்தை மகள் வீட்டுக்கு' என்று சொல்லிவிட்டுப் போனதெல்லாம் உண்மையில் பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டியாகச் சறுக்கும் பயிற்சிக்குத்தான் என்று சொன்னாள். சான்றிதழ்கூட வாங்கியிருக்கிறாள். லாம்பெர்ட்டுக்குப் பயிற்சி விஷயம் முன்பே தெரியும். ட்ராம் ஓட்டுகிற மனுஷன், பாதி ஊர் ரகசியம் அவன் காதில் விழும். இதை மட்டும் ஆறு மாதம் வாய்க்குள் வைத்திருந்தான். ரோஸ்விதா விற்கச் சொன்ன ஸ்கீ பலகைகளையும் அவன் விற்கவில்லை. யாரும் வாங்க வரவில்லை என்று கூசாமல் பொய் சொன்னான்.

மறுநாளே திட்டம் போடுவது தொடங்கிவிட்டது. ரோஸ்விதா சம்மதிக்காமலே தொடங்கியது. செவ்வாய்க்கிழமை போவதென்று கெர்லிண்டே முடிவு செய்தாள். வார இறுதியில் இன்ஸ்ப்ருக் நகரம் முழுவதும் அங்கே நிற்கும். காலை எட்டு மணிக்கு முதல் கேபிள் கார். பதினொன்றுக்கு மேல் வெயிலில் பனி இளகிவிடும், அதற்குள் முடித்துவிட வேண்டும். ஸ்கீ பூட்ஸைப் போட்டுப் பார்த்ததில் வலது கால் இறுக்கியது. கடையில் சூடுபடுத்தி அகலப்படுத்தினார்கள். பலகைகளின் விளிம்பைக் கூர் தீட்டி மெழுகு போட்டு வாங்கி வந்தான் லாம்பெர்ட். 'பார்வையற்றவர்' என்று முதுகில் எழுதிய ஆரஞ்சு நிற மேலங்கி இரண்டு, காதில் மாட்டும் பேசும் கருவி இரண்டு. ஒவ்வொன்றாக மேஜை மேல் வந்து சேர்ந்தன. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ரோஸ்விதா எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். கெர்லிண்டேவுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது வலது குழம்பும். தபால்காரியாக முப்பது வருஷம் ஓட்டியும் யாராவது வழி கேட்டால் கையை நீட்டித்தான் காட்டுவாள். வாயால் சொன்னால் எதிர்த் திசை வரும். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற புல்வெளிச் சரிவில் ஒத்திகை பார்த்தார்கள். கெர்லிண்டே பின்னால் நடந்துகொண்டே சொல்லச் சொல்ல, ரோஸ்விதா முன்னால் இறங்கினாள். மூன்றாவது திருப்பத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் விறகு அடுக்கில் போய் முட்டினாள்.

"இடதுன்னு சொன்னியேடி."

"வலதைத்தான் நினைச்சேன்."

"நீ நினைக்கிறதுக்கெல்லாம் நான் திரும்ப முடியுமா? பயிற்சியில எப்படி உன்னைப் பாஸ் பண்ணுனாங்க?"

பயிற்சியில் உள்ளங்கைகளில் பேனாவால் எழுதி வைத்திருந்ததாக கெர்லிண்டே ஒப்புக்கொண்டாள். மலையில் கையுறை போட்டிருப்போம், அதுதான் யோசனையாக இருக்கிறது என்றாள். விறகு அடுக்கின் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

வழி கண்டுபிடித்தது ரோஸ்விதாதான். சமையலறையில் இருவரும் எப்போதும் ஒரே பெஞ்சில், சுவரை ஒட்டி உட்காருவார்கள். அங்கே உட்கார்ந்தால் ஒரு கைப்பக்கம் அடுப்பு, மறு கைப்பக்கம் ஜன்னல். முப்பது வருஷமாக அந்த இடத்தில் காப்பி குடித்தவளுக்கு அடுப்பு எந்தப் பக்கம் என்பதில் குழப்பம் வராது. மறுபடி ஒத்திகை பார்த்தார்கள். "அடுப்பு... அடுப்பு... ஜன்னல்... நேரா... ஜன்னல்." ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஒருநாள் லாம்பெர்ட் வேலை முடிந்து வந்தபோது, இரண்டு பேர் புல்வெளியில் சமையலறைச் சாமான்களைக் கூவிக்கொண்டு இறங்குவதைப் பார்த்து, சைக்கிளைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றான்.

பதினாலாம் தேதி அதிகாலை, ரோஸ்விதா கம்பளிக் காலுறைவரை போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். ஆறு மணிக்குத் தொலைபேசி வந்தது. மலை தாண்டி வரும் தெற்குக் காற்று இரவே பிடித்துக்கொண்டதாம். மேல் லிஃப்ட் எதுவும் ஓடாதாம். கெர்லிண்டே மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். ரோஸ்விதா சரி என்று வைத்துவிட்டாள். பிறகு காலுறையைக் கழற்றிச் சுவரில் வீசினாள். காற்றைத் திட்டினாள், அதை அனுப்பிய இத்தாலியைத் திட்டினாள், ரொட்டி அறுத்துக்கொண்டிருந்த லாம்பெர்ட்டையும் சேர்த்துத் திட்டினாள்.

"வரமாட்டேன்னு நீதானே சொன்னே?" என்றான் அவன்.

இரண்டு வாரமாக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. சாயங்காலம் அவளே கெர்லிண்டேவை அழைத்து, அடுத்த செவ்வாய் வானிலை என்ன சொல்கிறது என்று கேட்டாள்.

அடுத்த செவ்வாய் அசைவில்லாத குளிர். கேபிள் காரின் கதவு திறந்ததும் ரோஸ்விதா மூக்கை நீட்டி இழுத்தாள். கீழே இருந்த ஈர இலை வாசனை போய், ஒன்றுமே இல்லாத, சுத்தமான, பல் கூசுகிற குளிரின் வாசனை வந்தது. நான்கு வருஷமாக அந்த வாசனையை நினைக்கக்கூட அவள் தன்னை விடவில்லை. சுற்றிலும் பந்தய அணிகள் பயிற்சி செய்துகொண்டிருந்தன. பந்தயப் பாதையில் நட்ட கம்புகளைத் தட்டிக்கொண்டு இளசுகள் இறங்கும் சத்தம் டக் டக்கென்று கேட்டது.

லிஃப்ட்காரர் மேலங்கியைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். மேலே இறங்கினார்கள். கெர்லிண்டே நான்கு மீட்டர் பின்னால் நின்றுகொண்டாள்.

"ரெடியா?"

"இல்ல. போ" என்றாள் ரோஸ்விதா.

முதல் பத்துத் திருப்பங்கள் மரக்கட்டைபோல் இருந்தன. முழங்கால் மடியவில்லை, மூச்சு வரவில்லை. பன்னிரண்டாவது திருப்பத்தில் பலகை விளிம்பு பனியைக் கவ்வியது. அந்தக் கரகரப்பு உள்ளங்காலிலிருந்து இடுப்புவரை ஏறியது. உடம்பு எதையும் மறக்கவில்லை. "ஜன்னல்... நல்லா இருக்கு... அடுப்பு..." என்ற குரல் காதுக்குள் சீராக வந்துகொண்டிருந்தது. ரோஸ்விதா வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில்தான் ஒரு பந்தய அணி மொத்தமாக இறங்கியது. ஏழெட்டுப் பேர், காற்றைக் கிழித்துக்கொண்டு இரு பக்கமும் கடந்து போனார்கள். யாரும் அவள் மேல் படவில்லை. ஆனாலும் ரோஸ்விதாவுக்கு நான்கு வருஷத்துக்கு முந்தைய அந்த ஒலி திரும்பக் கேட்டது. எலும்பு முறிகிற ஒலி. பலகைகளைக் குறுக்கே திருப்பி நின்று, அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

கெர்லிண்டே அவளை ஓரத்துக்கு நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்திரு என்று சொல்லவில்லை.

"நான் உன்னைக் கொன்னிருப்பேன் அன்னைக்கு" என்றாள் ரோஸ்விதா. "கண்ணு தெரியலைன்னு தெரிஞ்சுக்கிட்டே வந்தேன். உங்கிட்ட சொல்லலை. அதுக்கு நான் ஒரு நாளும் மன்னிக்கலை, என்னையே."

கெர்லிண்டே கையுறையைக் கழற்றும் சத்தம் கேட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"எனக்குத் தெரியும், ரோஸி."

"என்ன தெரியும்?"

"உன் கண்ணு. அதுக்கு முந்தின கோடையிலேயே தெரியும். நீ காப்பியைக் கோப்பைக்கு வெளிய ஊத்தினே. நான் துடைச்சேன், நீ கவனிக்கலை. மோதின அன்னைக்கு உன் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு வந்தது அதனாலதான். அந்த வளைவுல லிஃப்ட்டோட இரும்புத் தூண் இருந்துது. நீ நேரா அதுக்குப் போயிட்டிருந்தே. கத்தினேன், உனக்குக் கேக்கலை. அதான் குறுக்க வந்தேன்."

ரோஸ்விதாவுக்கு முதலில் புரியவில்லை. அந்த நாளை ஆயிரம் தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அதில் தூணே கிடையாது. இடப்பக்கம் அவளுக்கு அப்போதே இருட்டு.

"ஏன் சொல்லலை?" என்று கேட்டாள்.

சொல்லியிருந்தால், கண் தெரியாது என்று தெரிந்தே மலைக்குக் கூட்டிவந்தேன் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும் என்றாள் கெர்லிண்டே. உன் கண்ணைப் பற்றி நான் வாய் திறந்தால் மலைக்குப் போவது நின்றுபோகும். இன்னும் ஒரே ஒரு வருஷம், இன்னும் ஒரே ஒரு வருஷம் என்று தள்ளிப்போட்டேன். அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை என்றாள். நாலு வருஷமாக நீ மன்னிப்புக் கேட்கிற மாதிரி என்னிடம் நடந்துகொள்கிறாய், எனக்கோ உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது என்றாள். பேசப் பேசக் குரல் சிறுத்துக்கொண்டே போனது.

ரோஸ்விதா கையை நீட்டித் தேடி, அவள் தோளைக் கண்டுபிடித்தாள். ஜாக்கெட்டுக்கு மேலேயே காறை எலும்பில் அந்தச் சின்ன முடிச்சு தட்டுப்பட்டது. ஒட்டிச் சேர்ந்த இடம். அதன் மேல் கையை வைத்தபடி இருந்தாள். அழுகையும் வந்தது, வேறொன்றும் வந்தது. நான்கு வருஷமாகத் தன் குற்றத்தின் அடையாளம் என்று நினைத்திருந்த எலும்பு, தன் உயிருக்காக ஒருத்தி கொடுத்தது என்று தெரிந்தால் மனுஷிக்கு என்ன ஆகுமோ அதுதான் அவளுக்கு ஆனது.

அவர்கள் ஊரில் நன்றி சொல்ல ஒரு பழைய வாக்கு உண்டு. கடவுள் உனக்கு ஈடு செய்யட்டும் என்பது. ரொட்டிக் கடையிலோ பஸ்ஸிலோ, சின்ன உதவிக்கெல்லாம் யாரும் அதைச் சொல்வதில்லை. ரோஸ்விதா அதைச் சொன்னாள்.

கெர்லிண்டே பலமாக மூக்கைச் சிந்தினாள். "கடவுளை விடு. கீழ போனதும் நீ சூப் வாங்கிக் குடு. பாலாடைக்கட்டி உருண்டை ரெண்டு போட்டு."

"மூணு போடச் சொல்றேன். எந்திரி, பின்னாடி ஈரமாயிடுச்சு."

பதினொரு மணிவரை ஆறு தடவை இறங்கினார்கள். கடைசித் தடவை பந்தய அணியின் பயிற்சியாளர் ஒருவர், தன் பிள்ளைகளை ஓரம் நிறுத்தி, அகலமான சரிவு முழுவதையும் இவர்கள் இருவருக்கும் விட்டுக்கொடுத்தார். ஆள் இல்லாத அந்தச் சரிவில் ரோஸ்விதா பெரிய பெரிய வளைவுகளாக வரைந்துகொண்டு போனாள். கீழே நின்றதும், மலை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கெர்லிண்டே ரொம்ப நேரம் யோசித்து, "வெள்ளையா இருக்கு. மேல நீலம்" என்றாள். அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. ரோஸ்விதாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அடுத்த இரண்டு நாள் தொடை வலியில் அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து பின்பக்கமாக ஏறினாள். லாம்பெர்ட் ஒவ்வொரு படியையும் ட்ராம் நிறுத்தம்போல் பெயர் சொல்லி அறிவித்தான். வியாழக்கிழமை அலுவலகத்தில், குப்பை வண்டி வரவில்லை என்று புகார் சொல்ல அழைத்த ஒரு பெரியவர், அவள் வணக்கம் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தயங்கினார். உங்களுக்கு ஏதாவது நல்லது நடந்திருக்கிறதா அம்மா என்று கேட்டார். ஆமாம், நடந்திருக்கிறது என்றாள் ரோஸ்விதா. பிறகு வண்டி எந்தத் தெருவுக்கு வரவில்லை என்று விசாரித்தாள்.