கல்யாண வீட்டில் இறக்கிய மூட்டை

திங்கட்கிழமை காலை மெலாத்தி சந்துக்குள் வண்டியைத் திருப்பியதுமே ஏதோ சரியில்லை என்று தார்சோவுக்குத் தெரிந்துவிட்டது. எப்போதும் அவன் வண்டிச் சத்தம் கேட்டால் சின்னப் பிள்ளைகள்தான் ஓடிவரும். இன்று பெரியவர்கள் வந்தார்கள். எல்லோர் கையிலும் கைபேசி. எல்லோர் முகத்திலும் கடுகடுப்பு.

"என் பார்சல் எங்கண்ணே?" என்று முதலில் வழிமறித்தவள் காமிலா. வாழைப்பழமும் மரவள்ளியும் பொரித்து விற்கிறவள்.

"நேத்தே குடுத்துட்டேனே."

"அதைத்தான் போனும் சொல்லுது. யாருகிட்ட குடுத்தே? காத்துக்கிட்டயா குடுத்தே?"

"எனக்கும் குடுத்தாச்சுன்னு பச்சையா காட்டுது. என் பூனை ரெண்டு நாளா வீட்டுக்குள்ள அசிங்கம் பண்ணுது" என்று இன்னொருத்தி கத்தினாள்.

தார்சோ வண்டியை நிறுத்தி இறங்கினான். பின்சீட்டின் இரு பக்கமும் தொங்கும் பெரிய பைகளில் இன்றைய சரக்கு பிதுங்கிக்கொண்டிருந்தது. நேற்றையது ஒன்றுகூட இல்லை. நேற்று எல்லாவற்றையும் இறக்கினான், அது நிச்சயம். இறக்கிய இடத்தில்தான் சாப்பிட்டான். ஆட்டிறைச்சிக் குழம்பு. ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறவனுக்குக் கொடுத்தது மறந்துபோகுமா?

முன்பெல்லாம் இந்தக் குழப்பம் கிடையாது. ஒவ்வொரு கதவாகத் தட்டுவான், ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் வைப்பான். போன மாதம் கிடங்கில் புது ஏற்பாடு வந்தது. ஒரு சந்துக்கு ஒரே வாசல். சந்தின் மொத்தச் சரக்கையும் ஒரு வீட்டில் இறக்கிவிட்டு அடுத்த சந்துக்குப் போய்விட வேண்டும். வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். பெட்ரோல் மிச்சம், நேரம் மிச்சம், ஒரே ஆள் இரண்டு மடங்கு சரக்கு கொண்டுபோகலாம் என்று கிடங்கு மேற்பார்வையாளர் மெய்லானி படம் போட்டுக் காட்டினாள். மெலாத்தி சந்துக்கு ரொஹீலா வீடு என்று முடிவானது, அவள் வீட்டு முன்னறை பெரிது என்பதால். பார்சல் மேல் ஒட்டும் சீட்டில் 'ரொஹீலா வீடு' என்று கொட்டை எழுத்தில் வந்தது. வாங்குகிறவர் பெயர் கீழே பொடி எழுத்தில், அதுவும் பாதி எழுத்து நட்சத்திரக் குறியாக. ஆளுடைய அந்தரங்கத்தைக் காப்பாற்றவாம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அதே ரொஹீலா வீட்டில் அவள் மகள் செப்தியானிக்குக் கல்யாணம்.

கொடுத்ததற்குச் சாட்சியாகப் படம் எடுக்க வேண்டும் என்பது சட்டம். தார்சோ நேற்றைய படத்தைத் திறந்து பார்த்தான். பந்தல் வாசலில் பரிசு வாங்கி வைக்கும் மேசையில் ஒரே மாதிரி பச்சை உடுப்பில் இரண்டு பெண்கள் பல் தெரியச் சிரிக்கிறார்கள். பின்னால் மினுக்குக் காகிதம் சுற்றிய பரிசுகள் மலையாகக் குவிந்திருக்கின்றன. மலையின் உச்சியில் அவன் மூட்டை.

விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். கல்யாணத்துக்கு வர முடியாதவர்கள் இப்போதெல்லாம் பரிசைக் கைபேசியிலேயே வாங்கி நேராகக் கல்யாண வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். 'ரொஹீலா வீடு' என்று எழுதிய பார்சல் கல்யாண நாளில் ரொஹீலா வீட்டுக்கு வந்தால் அந்தப் பெண்கள் என்ன நினைப்பார்கள்? அவர்களைச் சொல்லி என்ன பயன்?

அப்போதுதான் மெய்லானி கூப்பிட்டாள்.

"தார்சோ அண்ணே, மெலாத்தி சந்துலேருந்து புகார் மேல புகாரா வருது. இன்னைக்குச் சாயந்திரம் மக்ரிப் பாங்கு சொல்றதுக்குள்ள எல்லாரும் போன்ல 'கிடைச்சது'ன்னு அமுக்கணும். ஒருத்தர் பாக்கின்னாலும் உங்க டெலிவரி நம்பர் பூட்டிக்கும்."

"நீ பூட்டிடுவியா?"

"நான் இல்லண்ணே. அதுவே பூட்டிக்கும்."

"அதுன்னா யாரு?"

"அதுதான் அண்ணே... அது."

"பூட்டினா யாரு திறப்பா?"

"திறந்து நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல" என்றாள் மெய்லானி. அவள் குரலில் இரக்கம் இருந்தது.

நம்பர் பூட்டிக்கொண்டால் நாளைக் காலை கிடங்கு வாசலில் அவனுக்குச் சரக்கு இல்லை. நாளை மறுநாளும் இல்லை. நாற்பத்தாறு வயதில் வேறு எந்த வாசலில் போய் நிற்பது?

ரொஹீலா பந்தல் பிரிக்கிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பரிசெல்லாம் நேத்து சாயந்திரமே மாப்பிள்ளை ஊரு பெக்காசிக்குப் போயிடுச்சே தம்பி. சம்பந்தி வீட்டு வண்டியில ஏத்தி, பொண்ணையும் ஏத்தி அனுப்பிட்டோம்."

"ஒரு போன் போட்டுச் சொல்லுங்கக்கா."

"என்னன்னு சொல்ல? குடுத்த பரிசைத் திருப்பி அனுப்புங்கன்னா? பொண்ணு போயி ஒரு ராத்திரிதான் ஆகுது. நீ போ. தப்பு உன்னுதுன்னு சொல்லு. என் பேரு எங்கயும் வரக்கூடாது."

"சீட்டு முழுக்க உங்க பேருதானேக்கா இருக்கு."

"அதான் வினையே! முதல்ல அதை அழி."

தார்சோ இன்றைய சரக்கை அவள் முன்னறையில் இறக்கிவிட்டு, வெறும் பைகளோடு பெக்காசிக்கு ஓட்டினான். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துபோகும்போது யோசித்துப் பார்த்தான். தான் செய்த தப்பு எது? சொன்ன வீட்டில் இறக்கினான். சொன்னபடி படம் எடுத்தான். சாப்பிடு என்றார்கள், சாப்பிட்டான். எதைச் செய்யாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

மாப்பிள்ளை வீட்டில் செருப்பு விட இடமில்லை. முன்னறையில் பாய் விரித்துப் பரிசுகளையெல்லாம் பிரித்துப் பரப்பி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஏனுங் நடுவில் உட்கார்ந்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மூலையில் செப்தியானி, விரலெல்லாம் மருதாணி, தலை குனிந்து இருந்தாள்.

"இந்தா பாருங்க, பிரேக் கட்டை" என்றாள் ஏனுங். "என்ன ஒரு யோசனை! என் பையன் வண்டியில போறவன், பத்திரமா வீடு திரும்பணும்னு நெனச்சுக் குடுத்திருக்காங்க. இது பள்ளிக்கூடப் பை. சீக்கிரம் பேரன் வரணும்னு வாழ்த்து!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். செப்தியானி இன்னும் குனிந்தாள்.

"இந்த மூட்டை மட்டும் என்னன்னு விளங்கல. நல்ல வாசம். காலுக்கு நல்லதா இருக்கும்னு எங்க வீட்டுக்காரர் வெந்நீர்ல போட்டுக் காலை ஊற வச்சாரு. கட்டி கட்டியா ஒட்டிக்கிச்சு, கழுவக் கழுவப் போகல."

பூனை மண். பூனை வீட்டுக்குள் வெளிக்குப் போகத் தட்டில் கொட்டி வைக்கிற மண். தார்சோ வாசலிலேயே கண்ணை மூடிக்கொண்டான்.

அவன் உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னான். ஏனுங் பிரேக் கட்டையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அப்போ இதெல்லாம் பரிசு இல்லையா?"

"சிலது பரிசுதாம்மா. சிலது இல்ல."

"எது எது?"

அதுதான் அவனுக்கும் தெரியவில்லை. உறையையும் சீட்டையும் காலையிலேயே குப்பை வண்டி கொண்டுபோய்விட்டது. அவன் கைபேசியில் இருந்தது நட்சத்திரப் பெயர்கள்தான். உள்ளே என்ன இருந்தது என்று வாங்கினவர்களுக்கு மட்டுமே தெரியும். வேறு வழியில்லாமல் ரொஹீலாவைக் கூப்பிட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்தான்.

"அக்கா, சந்துல நின்னு கேளுங்க. பிரேக் கட்டை யாருது?"

"என் பேரு வரக்கூடாதுன்னேனே!"

"சம்பந்தியம்மா, நானும் இங்கதான் இருக்கேன்" என்றாள் ஏனுங்.

மறுமுனையில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ரொஹீலாவின் குரல் சந்தெல்லாம் எதிரொலித்தது. "பிரேக் கட்டை யாருதுடா?... சனூசியோடதாம்! பள்ளிக்கூடப் பை?... நூரி அம்மாவாம்! பூனை மண்ணு?"

"என்னோடது!" என்று தூரத்தில் ஒரு குரல்.

"அதுல சம்பந்தி காலை ஊற வச்சுட்டாராம்!"

சந்து முழுக்கச் சிரிப்பு. "மிச்சம் இருக்குறத அனுப்பச் சொல்லுங்க. காலுக்கு என் பூனை பொறுப்பில்ல!"

ஏனுங்கும் சிரித்துவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களே ஒவ்வொன்றாக எடுத்துத் தார்சோவின் பைக்குள் போட்டார்கள். பாய் காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியாக நடுவில் ஒரு பெரிய பெட்டி நின்றது. ஏர் ஃபிரையர். மேலே ரோஸ் நிற ரிப்பன் கட்டி, மற்றதெல்லாவற்றையும்விட உயரமாக வைத்திருந்தார்கள்.

"ஏர் ஃபிரையர் என்னோடது! எண்ணெய் இல்லாமப் பொரிக்கிறது!" என்று போனில் காமிலா கத்தினாள். "கடைக்குன்னு வாங்கினேன்!"

"இது மட்டும் கிடையாது" என்றாள் ஏனுங். "இது சுரபாயா ஊர்ல இருக்கிற செப்தியானியோட மாமா அனுப்பினது. ஊரெல்லாம் சொல்லிட்டேன்."

சுரபாயா மாமாவைக் கூப்பிட்டார்கள். ஆமாம், ஏர் ஃபிரையர்தான் அனுப்பினேன், கொடுத்தாச்சு என்று என் போனிலும் பச்சையாகக் காட்டுகிறது என்றார் அவர். அவர் சொல்வதும் உண்மை, காமிலா சொல்வதும் உண்மை. அப்படியானால் அனுப்பியது இரண்டு. இங்கே இருப்பது ஒன்று. எல்லோரும் தார்சோவைப் பார்த்தார்கள். நேற்று அவன் பையில் பெரிய பெட்டி ஒன்று இருந்ததா, இரண்டு இருந்ததா? மாமாவுடையதை வேறு ஆள் கொண்டுவந்தானா? எவ்வளவு யோசித்தும் ஆட்டிறைச்சிக் குழம்புதான் ஞாபகத்துக்கு வந்தது.

"தெரியலம்மா. சத்தியமா தெரியல. ஆனா போன்ல கத்தின பொண்ணு 'கிடைச்சது'ன்னு அமுக்கலேன்னா என் நம்பர் போச்சு. நாளைக்கு எனக்கு வேலை இல்ல."

ஏனுங் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அம்மா." அதுவரை வாய் திறக்காத செப்தியானி பேசினாள். "அவரு எடுத்துட்டுப் போகட்டும். மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

எல்லோரும் ஏனுங் முகத்தைப் பார்த்தார்கள். அவள் மருமகளைப் பார்த்தாள். பெட்டி மேலிருந்து கையை எடுத்தாள்.

"வந்ததும் வாய் திறந்து கேக்குற முதல் விஷயம், இல்லேன்னா சொல்ல முடியும்?" என்றாள். "எடுத்துட்டுப் போப்பா. ஆனா அந்த ரிப்பன் நான் வாங்கினது. அதை அவுத்து வச்சுட்டுப் போ."

தார்சோ திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. சந்தில் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு, அவன் கண்முன்னே 'கிடைச்சது' என்று அமுக்கினார்கள். பூனைக்காரி பாதி மூட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு அமுக்கினாள். கடைசியில் காமிலா மிஞ்சினாள்.

அவள் பெட்டியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"அண்ணே, என்னோடது வெள்ளை. இது கறுப்பு."

தார்சோ அப்படியே சந்துச் சுவரில் சாய்ந்தான். இது மாமாவுடையதுதான். புதுமருமகள் வாய் திறந்து கேட்டுக் கொடுத்தது. அப்படியானால் வெள்ளை எங்கே? அதையும் அவனேதான் எங்கேயோ கொடுத்திருக்கிறான். கொடுத்தாச்சு என்று பச்சையாகக் காட்டுகிறது.

"என்னோடது எங்கண்ணே?"

"தெரியலயே."

"நான் இப்போ அமுக்கலேன்னா என்ன ஆகும்?"

"என் நம்பர் பூட்டிக்கும்."

"யாரு பூட்டுவா?"

"அது" என்றான் தார்சோ.

காமிலா அவனை மேலும் கீழும் பார்த்தாள். தூசி படிந்த சட்டை, வியர்வை காய்ந்த முகம். மசூதி ஒலிபெருக்கி கரகரக்கத் தொடங்கியது. அவள் சட்டென்று விரலை வைத்து அமுக்கினாள்.

"அமுக்கிட்டேன். ஆனா கேட்டுக்கோ. என் வெள்ளை வர்ற வரைக்கும் இந்தக் கறுப்பு என் வீட்டுலதான் உக்காந்திருக்கும். ஒரு வாழைப்பழம்கூட அதுல பொரிக்க மாட்டேன். என் பொருளைக் கொண்டா, மாமா பொருளை எடுத்துட்டுப் போ."

"வாங்கினதுன்னு அமுக்கிட்டே. இனி நான் யாருகிட்ட போயி வெள்ளையத் தேடச் சொல்றது? போனைப் பொறுத்தவரைக்கும் அது தொலையவே இல்லையே."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீதானே கொண்டுவந்தே?"

கைபேசி அதிர்ந்தது. மெய்லானி. "எல்லாம் பச்சையாயிடுச்சு அண்ணே, நம்பர் தப்பிச்சுது! பாருங்க, ஒரே வாசல்னா எவ்வளவு சுலபம். நாளைலேருந்து பின் சந்துச் சரக்கையும் ரொஹீலா வீட்டுலயே இறக்கிடுங்க."

அவள் குரல் சத்தமாகவே கேட்டது. எதிர் வாசலில் நின்ற ரொஹீலா பந்தல் கம்பு ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"என் வீட்டுல இறக்கித்தான் பாரேன் தம்பி."

நாளை வேலை இருக்கிறது. சரக்கை இறக்க இடமில்லை. போன் கணக்கில் கிடைத்துவிட்ட பொருள் ஒன்று கிடைக்காமல் இருக்கிறது. பாங்கு ஒலிக்கத் தொடங்கிவிட்டது. தார்சோ வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான், பிறகு அணைத்தான், முதலில் எந்தப் பக்கம் போய்த் தேடுவது என்று தெரியாமல்.