பன்னிரண்டு நாள்

ஜூலை முப்பத்தொன்று. விடிந்தும் விடியாத வேளையில், ஒஹாயோவின் அந்தச் சிறிய பேஸ்பால் மைதானத்தில் அன்செல்மோ தவாரெஸ் குந்தியிருந்தான். புல்லின் ஈரம் காலுறைக்குள் இறங்கியது. முப்பத்திரண்டு வயது முழங்கால்கள் ஒவ்வொரு பந்துக்கும் முனகின. வீங்கிப்போன ஆட்காட்டி விரலைப் பட்டை சுற்றித்தான் கையுறைக்குள் திணிக்க முடிந்தது. பதினோரு ஆண்டுகளாக இதுதான் அவன் வேலை: கேட்சராக, பிறர் எறிவதைக் குந்திப் பிடிப்பது.

எதிரே எறிந்துகொண்டிருந்தவன் வெனிசுவேலாக்காரன் நெஃப்தாலி. மேற்குக் கரைக் கிளப் ஒன்றிலிருந்து வந்திருந்த இரண்டு பேர், சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல, வேகம் அளக்கும் கருவியோடு நின்றார்கள். கிளப்புகள் ஆட்டக்காரர்களைக் கைமாற்றிக்கொள்ளும் கெடு அன்று மாலை ஆறு மணியோடு முடிகிறது.

பன்னிரண்டாவது பந்து நெஃப்தாலியின் விரல்களிலிருந்து நழுவிப் பாதி வழியிலேயே விழுந்து உருண்டது. வந்தவர்கள் தலை நிமிர்வதற்குள் அன்செல்மோ தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். கால் பிடித்துக்கொண்டதுபோலப் பாசாங்கு செய்து, போதும் என்று கையைக் காட்டினான். அருகே கால்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்த இளைய கேட்சர் கோல்பி மட்டும் பந்தையும் பார்த்தான், நெஃப்தாலியின் முகத்தையும் பார்த்தான்.

உள்ளே போகும்போது நெஃப்தாலி மெதுவாகச் சொன்னான்: "ரெண்டு விரல் இருக்குதா இல்லையான்னே தெரியலண்ணே."

அன்செல்மோ அவன் கையுறையை வாங்கிக்கொண்டான். எல்லாம் அவனுக்குத் தெரியும்.

ஒப்பந்தத்தில் 'ஆப்ஷன்' என்று ஒரு சொல் உண்டு. விருப்பம் என்று பொருள். ஆனால் விருப்பம் கிளப்புக்கு மட்டும்தான். அது கையில் இருக்கும்வரை ஆட்டக்காரனைப் பெரிய அணிக்குக் கூப்பிடலாம், சில நாளில் திரும்பக் கீழே, இந்தச் சிறிய அணிக்கே அனுப்பலாம். அவனைக் கேட்க வேண்டியதில்லை. ஒரே ஒரு தடை: மேலே இருக்கும்போது காயம்பட்டவனைக் கீழே தள்ளக்கூடாது. முழுச் சம்பளத்தோடு வைத்து வைத்தியம் பார்க்க வேண்டும். அதனால் அந்தக் கிளப்பில் சில காயங்கள் மருத்துவ ஏட்டில் ஏறுவதேயில்லை.

ஜூனில், மேலே ஓர் ஆட்டம் முடிந்ததும், முழங்கை தீயாய் எரிகிறது என்று நெஃப்தாலி மருத்துவ உதவியாளரிடம் சொன்னான். அடுத்த சிகிச்சை மேசையில் படுத்திருந்த அன்செல்மோவின் காதில் அது விழுந்தது. உதவியாளர் ஐஸ் வைத்துக் கட்டினார், எதையும் எழுதவில்லை. மறுநாள் காலை நெஃப்தாலியைக் கீழே அனுப்பும் கடிதம் வந்தது. அடுத்த வாரம் அன்செல்மோவும் இறக்கப்பட்டான்.

வீரர்கள் சங்கம் நெஃப்தாலியின் வழக்கைக் கையில் எடுத்து, அன்செல்மோவின் சாட்சியத்தைக் கேட்டிருந்தது. அந்தக் காகிதம் இரண்டு வாரமாகக் கையெழுத்தில்லாமல் அவன் பையில் கிடந்தது. பெரிய அணியில் மொத்தம் நாற்பத்துமூன்று நாள் இருந்தவனுக்குத்தான் ஓய்வூதியம். அவனுக்கு முப்பத்தொன்று ஆகியிருந்தது. மிச்சமுள்ள பன்னிரண்டு நாளைப் பற்றிப் பேசுவதையே சொந்த ஊரான சான் பெத்ரோவில் இருக்கும் அவன் மனைவி விட்டுவிட்டாள்.

ஏழரை மணிக்குக் கிளப் நிர்வாகி ஹாலோவே அவனை அறைக்குக் கூப்பிட்டார்.

"மூட்டையக் கட்டு, அன்செல்மோ. மேல இருக்குற கேட்சர மத்தியானம் விக்கிறோம். சீசன் முடியுற வரைக்கும் நீ மேலதான்."

அன்செல்மோ மனசுக்குள் எண்ணினான்: பன்னிரண்டு நாளுக்கு மேலேயே வரும். ஹாலோவே மேலும் கேட்டார்.

"சங்கத்துலேர்ந்து ஏதோ காகிதம் வந்திருக்குமே?"

"வந்துது சார்."

"அது உன் பையிலயே இருக்கட்டும்."

"நெஃப்தாலி?"

"அவனும் இன்னிக்கே மேற்க போறான்."

"அவன் கை போச்சு சார். அங்க போய் எறிஞ்சா மொத்தமாப் போயிடும்."

"எங்க எழுதியிருக்கு?"

"நான் பாத்தேன்."

"உனக்குச் சம்பளம் பந்து பிடிக்கிறதுக்கு. பாக்குறதுக்கு இல்ல."

அன்செல்மோ உடைமாற்றும் அறைக்குத் திரும்பினான். அங்கே நெஃப்தாலி சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தான். வலது கை மடியில் சும்மா கிடந்தது. இடது கையால் ஒவ்வொன்றாகப் போட்டு, கடைசிப் பொத்தானைத் தப்பான துளையில் மாட்டியிருந்தான்.

அன்செல்மோ பையைத் திறந்து காகிதத்தை எடுத்தான். எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தான். பெஞ்சின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

சேதி ஹாலோவேக்கு எட்டியிருக்க வேண்டும்; அடுத்து கோல்பிக்கு அழைப்பு வந்தது. திரும்பி வரும்போது அவன் காதுமடல் சிவந்திருந்தது.

"உங்க இடத்த எனக்குத் தர்றாராம். காலையில பந்து விழுந்தத நான் பாக்கலன்னு எழுதிக் குடுக்கணுமாம்."

"என்ன சொன்ன?"

"ரெண்டு கண்ணும் எனக்கு நல்லாத்தான் இருக்குன்னேன்." பேனாவை வாங்கித் தான் கண்டதை எழுதினான் அவன்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒருவன் தோள்வலியைச் சொன்ன தேதியை எழுதினான், இன்னொருவன் இடுப்பு பிசகியதை எழுதினான். தாங்கள் சொல்லியும் ஏட்டில் ஏறாமல் போனவற்றைப் பதினேழு பேர் எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

எட்டரைக்கு ஹாலோவே வாசலில் வந்து நின்றார். மேற்கிலிருந்து வந்தவர்கள் நெஃப்தாலியின் எறியை இன்னொரு முறை பார்க்க வேண்டுமாம். யார் குந்துகிறீர்கள் என்று கேட்டார். ஒருவரும் எழவில்லை. பெயர் சொல்லிக் கேட்டார். அப்போதும் எவரும் அசையவில்லை.

ஆறு மணி தாண்டியது. நெஃப்தாலியை யாரும் வாங்கவில்லை. கிளப் வேறெங்கிருந்தோ ஒரு கேட்சரைப் பிடித்துக்கொண்டது. ஆறரைக்கு அன்செல்மோவின் ஒப்பந்தம் ரத்தாகிவிட்டது என்று கடிதம் வந்தது. விசாரணை குளிர்காலத்தில்தான். அங்கே கிளப்பின் வக்கீல்கள் வருவார்கள்; அப்படி யாரும் எதுவும் சொல்லவில்லை என்று உதவியாளர் சத்தியம் செய்தாலும் செய்யலாம். மனைவியிடம் எல்லாவற்றையும் போனில் சொன்னான். அவள், அந்தப் பையனுக்குக் கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

மறுநாள் காலை கொலம்பஸில் சங்கம் ஏற்பாடு செய்திருந்த மருத்துவரிடம் நெஃப்தாலியைக் கூட்டிப்போக வேண்டும். இனித் தனக்கு வேறென்ன வேலை என்று அன்செல்மோவே வண்டியை எடுத்தான். புறப்படுகிற நேரத்தில் பின்கதவு திறந்தது. கோல்பியும் இன்னும் இரண்டு பேரும் ஏறி நெருக்கி உட்கார்ந்தார்கள்.

"சாயங்காலம் ஆட்டம் இருக்குதேடா?"

"அதுக்குள்ள வந்துடலாம்," என்றான் கோல்பி. "டாக்டர் எழுதும்போது பாக்குறதுக்கு ஆள் வேணாமா?"

நெஃப்தாலியின் கை முன்னிருக்கையில் ஒரு தலையணைமேல் கிடந்தது. அது அதிராதபடி, பள்ளம் பார்த்து, அன்செல்மோ வண்டியை மெதுவாகச் சாலையில் இறக்கினான்.