ஜன்னல் திட்டில் வைத்த பெராக்சைடு

...இருபது நிமிடம் ஆகிவிட்டது, முடி இன்னும் கருப்பாகவே இருக்கிறதே, பெராக்சைடில் அமோனியாவைக் குறைத்துவிட்டேனோ, இல்லை, சொட்டு எண்ணித்தானே விட்டேன், இந்த சாந்தியாகோ ஊரில் இருபத்திரண்டு வருடம் வேதியியல் நடத்தியவளுக்குச் சொந்த மகள் யெலேனி தலையில் கை வைத்ததும் கணக்கே சந்தேகமாகிவிடுகிறது... நாளைக் காலை புகைப்படக்காரர் வருகிறார், பெண்ணுக்குப் பதினைந்து வயதானால் இங்கே எல்லார் வீட்டிலும் எடுக்கும் படம், ஒரு பெண்ணுக்கு ஒருமுறைதான், வாடகைக்கு எடுத்த நீலக் கவுன் கதவில் தொங்குகிறது, யெலேனிக்கு முடி பொன்னிறமாக வேண்டுமாம், அப்போதுதான் பதினெட்டு வயது மாதிரி தெரிவாளாம். என்ன அவசரம் இவளுக்கு? "அம்மா, மஞ்சளாச்சா?" "ஆடாம உக்காருடி." எதிர் பால்கனியிலிருந்து ஒடாலிஸ், "என்ன டீச்சரம்மா, பொண்ணு தலையில சூப்பா வைக்கிற?" என்கிறாள், அவள் வாய்க்கு ஓய்வே கிடையாது.

ஒரு கொத்தைத் துடைத்துப் பார்க்கிறேன், அதே கருப்பு... வாழைக்காய் சீவும்போது காலையில் வெட்டிக்கொண்ட விரலில் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விடுகிறேன், பொங்கி நுரைக்க வேண்டும், நுரைக்கவில்லை, சும்மா வழிகிறது. தண்ணீர்! இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் என்று போர்டில் எழுதுவேன், அந்த இரண்டாவது ஆக்சிஜன் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும், வெயில் பட்டால் கழன்றுவிடும், மிச்சம் வெறும் தண்ணீர்தான்... பெராக்சைடு இருந்த பழுப்பு பாட்டிலை ஒடாலிஸ் மருந்துக்கென்று கேட்டாள், நான்தான் இதைக் காலி ரம் பாட்டிலில் ஊற்றினேன், கண்ணாடி மாதிரி தெளிந்த பாட்டில், இங்கே யார் வீட்டில் பாட்டிலைத் தூக்கிப் போடுகிறார்கள், சரி, அதைக் கொண்டுபோய் ஜன்னல் திட்டில் வைத்தது யார், நான்கு மாத வெயிலில்...

"பெராக்சைடு கெட்டுப்போச்சுடி, கண்ணு." "டீச்சராம் டீச்சர்! நாளைக்கு இந்தக் கருப்பு முடியோடயா நிப்பேன்?" அழுகிறாள். தலையை அலசிவிடுகிறேன், ஈரமுடி கனமாக என் கையில் சரிகிறது, பாவமாக இருக்கிறது, கூடவே, கடவுளே, சந்தோஷமாகவும் இருக்கிறது, இந்த முகம் இன்னும் சிறுபிள்ளை முகம்தான், நாளைப் படத்திலும் அப்படியே இருக்கும்... விசும்பிக்கொண்டே என் இடுப்பைக் கட்டிக்கொள்கிறாள், "ஒன்னாலதாம்மா எல்லாம்" என்கிறாள், ஆமாம் என்னால்தான், பெராக்சைடை ஏன் இருட்டில் வைக்க வேண்டும் என்று வருடம் தவறாமல் பரீட்சையில் கேட்பவள் நான், பதில் எழுதாத பிள்ளைக்கு ஒரு மார்க் கூட விட்டுக்கொடுக்காதவள்... ஜன்னல் திட்டில் வைத்ததும் நான்தானே, மறந்தா வைத்தேன்?