மூச்சுக்குள் ஒரு ஆமாம்

“காபி குடிக்கிறீங்களா?”

அவன் உதட்டைக் குவித்து, ‘ஷுப்’ என்று காற்றை வாய்க்குள் இழுத்தான்.

“என்னங்க, தொண்டையில ஏதாவது மாட்டிக்கிச்சா?”

“இல்லையே.”

“அப்ப காபி?”

மறுபடியும் அதே ‘ஷுப்’.

“தண்ணி வேணா கொண்டு வரட்டுமா?”

“ரெண்டு தடவை ஆமான்னு சொல்லிட்டேன். காபிதான் வரமாட்டேங்குது.”

எல்லினோரும் ஹெல்மரும் முதன்முதலில் பேசிக்கொண்டது இதுதான். கோடை நடுநாள் விழாவுக்கு வயலின் வாசிக்க, ஸ்வீடனின் தென்கோடியில் இருக்கும் மால்மோவிலிருந்து ஒரு குழுவோடு வந்திருந்தாள் எல்லினோர். வடக்கே காட்டுக்குள் இருக்கும் இந்த ஊர்க்காரர்கள் ‘ஆமாம்’ என்ற சொல்லை வெளியே விடுவதில்லை, மூச்சோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்வார்கள் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? விஷயம் புரிந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் கோப்பை தளும்பி அவன் சட்டையெல்லாம் காபி.

பேச்சு அதோடு முடிந்திருந்தால் பின்னாளில் அவளுக்கு அவ்வளவு பாடு இருந்திருக்காது. சட்டையைத் துடைத்துவிட்டபடியே, இந்த ஊரைத் தவிர வேறெங்காவது இருந்ததுண்டா என்று கேட்டுவைத்தாள்.

“உமேயோ நகரத்துல கொஞ்ச நாள். ராணுவப் பயிற்சிக்கு.”

“எப்படி இருந்துச்சு?”

“மரத்தையெல்லாம் வரிசையா நட்டு வச்சிருக்காங்க,” என்றான். சிறைக்குப் போய்வந்த கதையைச் சொல்வதுபோல இருந்தது குரல்.

அடுத்த குளிர்காலம் வருவதற்குள் அவள் அவன் வீட்டுக்குக் குடிவந்துவிட்டாள். ஏரிக்கரையில் சிவப்பு வீடு, புஸ்கே என்ற நாய், சுற்றிலும் தன் இஷ்டத்துக்கு முளைத்த மரங்கள். வெட்டிய மரங்களைக் காட்டிலிருந்து சாலைக்குச் சுமந்துவரும் பெரிய வண்டியை ஹெல்மர் ஓட்டினான். அவள் இசை ஆசிரியர் பட்டத்துக்குத் தொலைநிலைக் கல்வியில் படித்துக்கொண்டே, ஊர்ப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகள் குறைந்து, பாட நேரமும் குறைந்தபோது, கைச்செலவுக்கு ஆகுமே என்று வீட்டு உதவிப் பணியில் சேர்ந்தாள். தனியாக இருக்கும் முதியவர்களின் வீட்டுக்குப் போய்க் காலுறை மாட்டிவிட்டு, மாத்திரை எடுத்துக்கொடுத்து, கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு வரும் வேலை.

அப்படிப் போன வீடுகளில் ஒன்று ருத்துடையது. கால் வீங்கிப்போய் நாற்காலியே கதியென்று இருந்தாலும், ஊரில் யார் வீட்டில் என்ன சமையல் என்பது வரை ருத்துக்குத் தெரியும். ஒரு நாள் காலை அவளிடம், நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டாள் எல்லினோர். ‘ஷுப்’. கஞ்சி சூடு போதுமா? ‘ஷுப்’. வானொலியைப் போடட்டுமா? ‘ஷுப்’. வடக்கத்திப் பேச்சு தனக்கு முழுசாகப் பிடிபட்டுவிட்ட பெருமையில் எல்லினோர் பாட்டுகூட முணுமுணுத்தாள்.

புண்ணுக்குக் கட்டுப்போட வந்த செவிலி மைலிஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள். கொஞ்சம் காதுகொடுத்தாள். பையைக் கீழே வைத்தாள்.

“எல்லி, அவங்க ஆமான்னு சொல்லல. அவங்களுக்கு மூச்சு கிடைக்கல.”

பிறகு நடந்ததெல்லாம் மைலிஸின் கைகளில் நடந்தது. ருத்தை நிமிர்த்தி உட்காரவைத்து, கால்களைத் தொங்கவிட்டு, முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு, ஒரு கையால் ஆம்புலன்சை அழைத்து, மறு கையால் ருத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. நேரத்தோடு கவனித்ததால் ருத் பிழைத்தாள்.

பிழைத்து வந்தவள் சும்மா இருப்பாளா? வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். “நான் இங்க போய்ச் சேரப் பாக்குறேன், இந்தத் தெற்கத்திப் பொண்ணு கஞ்சி சூடு போதுமாங்குறா.”

எல்லினோரும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் ருத்தை ஆம்புலன்சில் ஏற்றிய அன்று வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி அழுதிருந்தாள். அழுது முடித்தபோது உள்ளே மிச்சமிருந்தது பயமல்ல, ஆசை. அடுத்த அறையில் ஒரு பிள்ளை ஒற்றை ஸ்வரத்தைத் தவறவிட்டாலும் பிடித்துவிடுகிற காது அவளுடையது. அந்தக் காதுக்குக் கேட்காத எதையோ மைலிஸ் வாசலில் நின்றே கேட்டுவிட்டாள். அதைக் கேட்கக் கற்றுக்கொள்ளவேண்டும். அந்த நினைப்பே அவளுக்குச் சிறகு முளைத்தாற்போல் இருந்தது.

கல்லூரியின் படிப்பு ஆலோசகர் தொலைபேசியில் மிகவும் இனிமையாகப் பேசினார். இசைப் பட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் செவிலியர் பட்டத்துக்கு மாறுவது ஒன்றும் புதிதில்லை, நிறையப் பேர் மாறுகிறார்கள் என்றார். பிறகு அவளுடைய பள்ளிச் சான்றிதழைப் பார்த்தார்.

“இசை இருக்கு, தத்துவம் இருக்கு, பிரெஞ்சு இருக்கு. மார்க்கெல்லாம் அவ்வளவு அழகா இருக்கு. ஆனா இயற்கை அறிவியல்ல ரெண்டாம் நிலைப் பாடம் இல்லாம செவிலியர் படிப்புக்குள்ள வர முடியாதும்மா.”

இல்லாமல் போனதற்குக் காரணம் அவளேதான். பள்ளியில் ஆசிரியர் பன்றியின் நுரையீரலைக் கொண்டுவந்து குழாய் வைத்து ஊதிக் காட்டிய அன்று, வகுப்பைவிட்டு ஓடி, கழிப்பறையில் வாந்தியெடுத்து, அறிவியல் இல்லாத பிரிவு எதுவென்று தேடிப் பிடித்து இசையில் சேர்ந்தவள் அவள்.

பெரியவர்களுக்கான பள்ளி அங்கே எல்லா நகரத்திலும் உண்டு. விட்டுப்போன பாடத்தை எந்த வயதிலும் போய்ப் படித்துக்கொள்ளலாம். எல்லினோர் சேர்ந்தாள். முடி வெட்டுபவர் ஒருவர், ஓய்வெடுக்கத் தெரியாத பேருந்து ஓட்டுநர் ஒருவர், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே குறிப்பெடுக்கும் இளம் தாய் ஒருத்தி என்று கலவையான வகுப்பு. அங்கும் ஒரு நாள் நுரையீரல் வந்தது. யார் ஊதிப் பார்க்கிறீர்கள் என்று ஆசிரியர் கேட்டு முடிப்பதற்குள் எல்லினோர் முன்னால் போய் நின்றாள். குழாயை வாயில் வைத்து ஊதினாள். சுருங்கிக் கிடந்த சதை இளஞ்சிவப்பாக மலர்ந்து எழுந்தபோது அவளுக்கு வாந்தி வரவில்லை. அக்கார்டியனின் துருத்தி நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாடு முடிகிறவரை அதையே பேசித் தீர்த்தாள்.

அந்த வருஷம் அடுப்படி முழுக்க அறிவியல்தான். சிவப்பு முட்டைக்கோஸ் வேகவைத்த நீரில் எலுமிச்சையும் சோப்பும் விட்டு நிறம் மாறுவதைப் பார்த்துக் குதித்தாள். முதல் வேதியியல் தேர்வில் தோற்றாள். இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. மூன்றாம் நாள் ஹெல்மரே புத்தகத்தை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். அவன் கேள்விகளை வாசிப்பான், அவள் பதில் சொல்வாள். விடை சரியென்றால் ‘ஷுப்’. தப்பென்றால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். அந்த ‘ஷுப்’ ஒன்றுக்காகவே அவள் உப்புகளையும் அமிலங்களையும் மனப்பாடம் செய்தாள். மறுதேர்வில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தாள்.

உள்ளுறுப்புகள் பாடம் வந்தபோது அவன் முதுகிலும் வயிற்றிலும் மார்க்கர் பேனாவால் எல்லாவற்றையும் வரைந்தாள். அழியாத மை என்பதைக் கவனிக்கவில்லை. மறுநாள் வேட்டைக்குழு நண்பர்களோடு நீராவிக் குளியலுக்குப் போனவன் பெயர் சூட்டப்பட்டுத் திரும்பினான். அன்றிலிருந்து அவனுக்கு ஊரில் ‘பாடப்புத்தகம்’ என்று பெயர். என்ன பாடப்புத்தகம், இன்னைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் அவனும் கோபித்துக்கொள்ளமாட்டான்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படாமலே கிடந்தது. செவிலியர் படிப்பு உமேயோவில். தினமும் போய்வரக்கூடிய தூரமில்லை. அங்கேயே குடியிருக்கவேண்டும், மூன்று வருஷம். வார இறுதியில் மட்டும் பார்த்துக்கொள்ளும் வாழ்க்கை அவளுக்கு வேண்டாம். அவனைக் கூட வரச்சொல்லிக் கேட்கவேண்டும். ஆனால் வரிசையாக நிற்கும் மரங்களைப் பற்றி அவன் சொன்ன குரல் காதிலேயே இருந்தது. அவன் வரமாட்டேன் என்றுகூடச் சொல்லமாட்டான், அவளுக்காக வந்துவிட்டு உள்ளுக்குள் வாடுவான் என்பதுதான் அவளுடைய பெரிய பயம். எப்போதாவது துணிந்து, ஹெல்மர் என்று ஆரம்பிப்பாள். அவன் நிமிர்ந்து பார்ப்பான்.

“அந்த உப்பை எடேன்.”

அந்த வருஷம் அந்த வீட்டில் உப்பு ஏகமாகச் செலவானது.

ருத்திடம் மட்டும் சொன்னாள். ருத் சலித்துக்கொண்டாள். “கேட்டுத் தொலையேன் பொண்ணே. அந்தக் குடும்பத்துல யாரும் தானா வாயத் தொறக்கமாட்டாங்க. அவங்கப்பன் கல்யாணத்துக்கு வந்த பாதிரியார் தெற்கத்திக்காரரு. இவளை ஏத்துக்கிறியான்னு மூணு தடவ கேட்டாரு. அவன் மூணு தடவையும் ஷுப்புனுட்டு நிக்கிறான். அவரு, மாப்பிள்ளைக்கு இஷ்டமில்ல போலன்னு புத்தகத்தையே மூடிட்டாரு.”

ஜூலை வந்தது. சேர்க்கை முடிவு வெளியாகும் நாளும் வந்தது. ஜூன் வெயில் அதிகமென்பதால் சதுப்பில் பொன்னிறப் பழங்கள் அந்த வருஷம் முன்கூட்டியே பழுத்திருந்தன. அவை எங்கே விளைகின்றன என்பது ஒவ்வொரு வீட்டின் ரகசியம். கூடப்பிறந்தவர்கள்கூட ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளமாட்டார்கள். அன்று காலை ஹெல்மர் இரண்டு வாளிகளை எடுத்தான். ஒன்றை அவளிடம் நீட்டினான்.

“வா. எங்க இடத்தைக் காட்டுறேன்.”

இத்தனை வருஷத்தில் முதல் தடவை. ஊரைவிட்டு அவனைக் கிளப்பலாமா என்று அவள் தவிக்கிற நாளாகப் பார்த்து, ஊரிலேயே தனக்கு மிகவும் அந்தரங்கமான மூலையை அவளுக்குத் திறந்து காட்டுகிறான். கொசுக்களை விரட்டிக்கொண்டு, ஈரப் பாசியில் கால் புதையப் புதைய அவன் பின்னாலேயே நடந்தாள். சதுப்பு முழுக்கச் சின்னச் சின்ன விளக்கு ஏற்றியதுபோலப் பழங்கள்.

“யாருகிட்டயும் சொல்லாத. முக்கியமா ருத்துகிட்ட.”

கை பறித்தது, மனம் கைப்பேசியிலேயே இருந்தது. அங்கே சிக்னல் கிடையாது. சதுப்பின் ஓரத்தில், கடமான் வேட்டைக்காகக் கட்டிய மரக் கோபுரம் ஒன்று நின்றது. ஏணி வைத்து, மேலே ஒரு பலகை இருக்கையோடு. அவள் அதையே பார்ப்பதைக் கவனித்த ஹெல்மர் தாடையால் அதைச் சுட்டிக் காட்டினான்.

“அங்க ஏறுனா கிடைக்கும். போ.”

மேலே போய் உட்கார்ந்து கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தாள். ஒரு கோடு வந்தது, போனது, மறுபடி வந்தது. பக்கம் மெதுவாக, மிக மெதுவாகத் திறந்தது. முதலில் அவள் பெயர். அடியில் படிப்பின் பெயர். அதற்கும் அடியில் ஒரே ஒரு சொல். அதை அவள் நான்கைந்து முறை வாசித்தாள்.

“கிடைச்சிருச்சு,” என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். எழுந்து நின்று, ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கத்தினாள். “ஹெல்மர், இடம் கிடைச்சிருச்சுப்பா.”

வாழ்நாளில் சத்தம் போட்டுப் பேசாத ஹெல்மர் தொப்பியைக் கழற்றி வானத்தில் எறிந்து ஒரு கூவல் கூவினான். ஏதோ பெரிய பறவை ஒன்று அலறியடித்துக்கொண்டு மரத்தைவிட்டுப் பறந்தது. புஸ்கே துள்ளிய துள்ளலில் வாளி கவிழ்ந்து, காலையிலிருந்து பறித்த பழமெல்லாம் பாசியில் உருண்டது. அதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏணியின் அடியில் வந்து, கழுத்தை வளைத்து மேலே பார்த்தபடி நின்றான். முகமெல்லாம் பல்லாக இருந்தது.

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். இடம் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். பதில் சொன்னால்தான் இடம் நிலைக்கும்.

“என்ன பண்ற?”

“ஆமான்னு அமுக்கச் சொல்லுது.”

“அப்ப அமுக்கு.”

விரல் கட்டத்துக்கு மேலேயே நின்றது. கீழே சதுப்பு பொன்னாக மினுங்கியது. அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் மரங்கள், ஒன்றும் வரிசையில் இல்லை. இப்போது கேட்காவிட்டால் இறங்கி வருவதற்குள் தைரியம் கரைந்துவிடும்.

“ஹெல்மர்.”

“ம்.”

“ஒண்ணு கேக்கணும்.”

“இங்க உப்பு இல்ல,” என்றான் அவன்.

அவள் திகைத்துப்போய்க் கீழே பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. ஒரு கையை ஏணியின் முதல் படியில் வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பேன் என்பதுபோல நின்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் உப்பை எடுத்து நீட்டியவன், அத்தனை முறையும் தெரிந்தேதான் நீட்டியிருக்கிறான்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். அது பதிலுக்காக அல்ல, கேள்விக்காக.

“உமேயோவுல மரமெல்லாம் இன்னும் வரிசையாத்தான் நிக்கும்ப்பா. மூணு வருஷம். எங்கூட வந்து இருக்கியா? ஷுப்புன்னா இங்க மேல கேக்காது. வாயத் தொறந்து சொல்லு.”