துணி எடுத்தாச்சா?

அந்த வீட்டில் பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பெயர் மூத்தாள். வைத்தது மனைவிதான். கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கிய வண்டி. தனக்கு முன்னால் அவர் வாழ்க்கைக்குள் வந்தவள் என்பதால் அந்த மரியாதை. பல வருஷமாகக் கார் கொட்டகையின் மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தவளை, லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அவர் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டார்.

கழற்றியதெல்லாம் சரி. பூட்டுவதில்தான் வம்பு வந்தது.

ஏனென்றால் இடையில் அவருக்கு மறதி வந்துவிட்டது. அடுப்பை அணைக்காமல் விட்டார். கடைக்குக் காரில் போனவர் நடந்து திரும்பினார். ஒரு நாள் சொந்த வீட்டு வாசலில் சாவிக்கொத்தோடு நின்று, எந்தச் சாவி என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார். மனைவி முடிந்தவரை மூடி மறைத்தாள். அடுப்பை விட்டது நான்தான், காரை அங்கேயே நிறுத்திவிட்டு வரச் சொன்னதும் நான்தான் என்று மகளிடம் வாய் கூசாமல் புளுகினாள். மகளா நம்புவாள்? பள்ளிக்கூட வாத்தியாரம்மா. பொய் சொல்லும் முகங்களைத் தினமும் வகுப்பு வகுப்பாகப் பார்க்கிறவள்.

"அப்பாவை டாக்டர்கிட்ட காட்டணும். ரெண்டு பேரும் வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடுங்க" என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். அப்பாவும் லேசுப்பட்டவரா?

"இந்த எஞ்சினை எழுதி வைக்காம, புத்தகத்தைப் பார்க்காம நானே பூட்டிக் காட்டுறேன். ஓடுச்சுன்னா என் மூளை நல்லா இருக்குன்னு அர்த்தம். ஓடலைன்னா நீ கூப்பிடுற இடத்துக்கு வாயை மூடிட்டு வர்றேன்."

இன்றைக்குத்தான் அந்த நாள். மகள் வந்துகொண்டிருந்தாள். அவர் குளித்து, சட்டையை மாற்றிக்கொண்டு, மாப்பிள்ளை கணக்காகக் கொட்டகைக்குப் போயிருந்தார். மனைவி கூடத்தில் உட்கார்ந்து நேற்றைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கிழிந்துபோன பூப்போட்ட நைட்டியின் ஒரு துண்டு கையில் வந்தது. மேசை துடைக்க அவளே கிழித்து வைத்தது. இதற்கு இன்னொரு துண்டு உண்டே, அது எங்கே என்று சாதாரணமாகத்தான் யோசித்தாள்.

யோசித்ததும் பகீரென்றது.

நேற்று பிஸ்டனை மாட்டும்போது அந்தத் துண்டைத்தான் எஞ்சின் வாயில் அடைத்தார்கள். பிஸ்டனைப் பிடித்துவைக்கும் கிளிப் பொல்லாதது. விரலிலிருந்து தெறித்து உள்ளே விழுந்துவிட்டால் மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான். அதனால் துணி அடைப்பு. அவர் விரல்கள் தடி என்பதால் அவளை அடைக்கச் சொன்னார். அடைத்தாள். கிளிப் ஒழுங்காக உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து போன். போனைக் காதில் வைக்கவும் மழை தூறவும் சரியாக இருந்தது. பேசிக்கொண்டே மொட்டை மாடிக்கு ஓடினாள்.

கொடியிலிருந்து துணிகளை வாரிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து அவர் குரல் கேட்டது.

"துணி எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு!"

இறங்கி வந்தபோது அவர் சிலிண்டரை இறக்கிப் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். அவளும் வேறொரு பழைய துணியால் டாங்கைத் துடைத்துக் கொடுத்தாள். இப்போதுதான் உறைத்தது. இந்த மனிதர் எந்தக் காலத்தில் கொடித் துணியைப் பற்றி விசாரித்திருக்கிறார்? துணிகள் தாமே காய்ந்து, தாமே மடிந்து, தாமே அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன என்பது அவர் எண்ணம். அவர் எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்திருப்பார். துணி ஆழத்தில் நழுவியிருக்கும். கண்ணில் படவில்லை, அதனால் கேட்டிருக்கிறார். அடைத்தவளிடம் கேட்பதுதானே முறை?

சொன்னால் அவர் தன்னையே சந்தேகப்படுவார். சொல்லாமல் விட்டால் துணி சுற்றி எஞ்சின் இறுகிப்போகும். அப்போதும் பழி அந்த மூளையின் தலையில்தான் விழும். கொட்டகையில் கிக்கர் முனகும் சத்தம் கேட்டதும் துணிகளைப் போட்டது போட்டபடி ஓடினாள்.

அவர் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "இறுக்கமா இருக்கு. புது பிஸ்டன் இல்லையா, அப்படித்தான் இருக்கும்."

"உதைச்சுடாதீங்க!"

"ஏன், மூத்தாளுக்கு நல்ல நேரம் பார்க்கணுமா?"

"நேத்து துணி எடுத்தாச்சான்னு கேட்டீங்களே..."

"கேட்டேன்னுதான் நினைக்கிறேன்."

"எடுத்தாச்சுன்னு சொன்னேன் இல்ல, அது மாடித் துணிங்க. கொடியில கிடந்தது. இது உள்ளேயேதான் இருக்கு."

அவர் அவளையே பார்த்தார். பிறகு மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தார்.

"இந்தா பாரு. அடுப்பை நீ விட்டேன்னு சொன்னே. காரை நீ விட்டேன்னு சொன்னே. எல்லாம் தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன். இதுக்கும் நீ பழி ஏத்துக்காதே. நான் எடுக்க மறந்துட்டேன்னு நேரா சொல்லு. தாங்கிக்குவேன்."

"ஐயோ, அடுப்பு பொய்ங்க. கார் பொய். இது சத்தியமா நிஜம். நீங்க கேட்டீங்க!"

"கேட்ட மாதிரிதான் இருக்கு. ஆனா நிஜமாவே கேட்டேனா, இப்ப நீ சொன்னதால அப்படித் தோணுதான்னு தெரியலையே."

இத்தனை நாள் அவரைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று அவள் அடுக்கிய பொய்கள், ஒரு உண்மையைச் சொல்ல வந்த நேரத்தில் வரிசையாக வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றன. தன் வாயைத் தானே கெடுத்துக்கொண்டோமே என்று அழுகையாக வந்தது.

வாசலில் கார் வந்து நின்றது. மகள் கொட்டகைக்குள் நுழைந்தபோது அப்பா பெட்ரோல் டாங்கைக் கழற்றித் தரையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, ஓடலையா?"

"இன்னும் உதைக்கவே இல்லம்மா" என்றார் அவர். தலை நிமிரவில்லை.

"தப்பு என்னோடது. துணியை உள்ளே விட்டது நான்" என்று அம்மா தொடங்கினாள்.

"அம்மா, போதும்" என்றாள் மகள். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான். அது இன்னும் மோசமாக இருந்தது.

அவர் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தளர்த்தினார். வரிசை தப்பவில்லை. மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். எஞ்சினுக்குள் குப்பை இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறவர்கள் உண்டு. கடவுளே, அந்தக் கந்தல் உள்ளேயே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். அது உள்ளே இல்லாவிட்டால் அவர் எடுத்துவிட்டு, எடுத்ததை மறந்து, அதற்குப் பிறகு கேட்டிருக்கிறார் என்றாகும். அந்த நினைப்பை அவளால் முடிக்க முடியவில்லை.

சிலிண்டர் மேலே வந்தது. அவர் விளக்கை அருகில் பிடித்துக் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு நீளமூக்குக் குறடை உள்ளே விட்டு இழுத்தார். எண்ணெயில் ஊறிய பூப்போட்ட துண்டு, நெளிந்து நெளிந்து வெளியே வந்தது.

"இருக்கு!" என்று மனைவி கத்திய கத்தலில் மகள் பயந்தே போனாள். "மூத்தாள் வயித்துக்குள்ள என் நைட்டி!"

மகள் அந்தத் துண்டையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ நினைவுக்கு வந்தவள்போல முகம் மாறியது.

"அம்மா, நேத்து மழை வந்தப்ப நீ என்கூடத்தானே பேசிட்டு இருந்தே?"

"ஆமா."

"அப்பா கத்தினது எனக்கும் கேட்டுச்சு. துணி எடுத்தாச்சான்னு." அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க எப்ப மாடித் துணியைப் பத்திக் கேட்டிருக்கீங்க? அதுவும் ஒரு கோளாறோன்னு ராத்திரி முழுக்கத் தூங்கலைப்பா."

அவர் குறடைக் கீழே வைத்தார். "கேட்டேனா?"

"கேட்டீங்க. போன்ல நானே என் காதால கேட்டேன்."

"நான் கேட்டேன்" என்றார் அவர், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு சிரித்தார். கண்ணைப் புறங்கையால் துடைக்கப்போய் கன்னமெல்லாம் கறுப்பாகிவிட்டது. மகள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சட்டை போச்சே என்று யாரும் கவலைப்படவில்லை. டாக்டர் பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியதுதான் என்பது மூவருக்குமே தெரியும்.

மத்தியானம் அவர் மறுபடி பூட்ட உட்கார்ந்தார். மகள் விளக்குப் பிடித்தாள். மனைவி அந்தக் கந்தலைச் சோப்புப் போட்டுக் கசக்கி, கறை போகாவிட்டாலும் பரவாயில்லை என்று மாடிக் கொடியில் மற்ற துணிகளோடு காயப்போட்டாள். எறிய மனம் வரவில்லை. சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வரவும் மாடி ஏறினாள்.

கீழேயிருந்து குரல் வந்தது.

"துணி எடுத்தாச்சா?"

அவள் கை கொடியிலேயே நின்றுவிட்டது. எஞ்சினுக்குள் கிடந்த துணியைக் காலையில் எடுத்தது அவர்தான். தம் கையால், மூன்று பேர் கண் முன்னால். மாடித் துணியைப் பற்றியோ அவர் ஜென்மத்தில் கேட்டதில்லை. ஒருவேளை இன்றிலிருந்து கேட்கப் பழகிக்கொண்டாரோ? எந்தத் துணி என்று கேட்டால் தெரிந்துவிடும். வாய்வரை வந்த கேள்வியை விழுங்கினாள். தெரிந்துகொள்ள அவளுக்குப் பயமாக இருந்தது.

பூப்போட்ட துண்டைக் கொடியிலிருந்து உருவி மற்றத் துணிகளோடு தோளில் போட்டுக்கொண்டாள். கைப்பிடிச் சுவர்மேல் குனிந்து, கீழே நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்.

"எல்லாத் துணியும் எடுத்தாச்சுங்க!"